ஏறும் வேளை

மூன்று சக்கரங்களை உடைய வண்டிக்கு ஒற்றைச் சக்கர வண்டி என்று பெயர் வைப்பது பொருந்துமா? இலக்கணம் கற்பிக்கும் ஆசிரியர் எவரிடமும் இதைக் கேட்டால், கேட்டவரை ஒருமுறை ஏற இறங்கப் பார்ப்பார். ஆயினும் அப்படி ஒரு வண்டி இருக்கத்தான் செய்கிறது. மேலைநாட்டுச் சர்க்கஸ் அரங்குகளிலும், அமெரிக்கச் சிற்றூர்களின் விடுதலைநாள் ஊர்வலங்களிலும் அதனைக் காணலாம். ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று சக்கரங்கள். அவற்றை இருபுறமும் அணைத்து நிற்கும் நெடிய இரும்புச் சட்டம். எல்லாவற்றுக்கும் மேலே சிறியதோர் இருக்கை. அதில் அமர்ந்து ஒருவர், பிடித்துக்கொள்ளக் கைப்பிடி ஏதுமின்றி, கூட்டத்தின் தலைகளுக்கு மேலே மிதந்து வருவது போல வருவார். சக்கரங்கள் மூன்றாயினும் நிலத்தைத் தொடுவது ஒன்றே. தொடுகின்ற சக்கரத்தை மட்டும் கணக்கில் கொள்வது அக்கலைஞர்களின் வழக்கு. ஆகவே பெயரில் பிழை இல்லை.

இவ்வண்டிக்கு உறவினர் உண்டு. ஒரே சக்கரமும் அதற்கு நேர்மேலே இருக்கையும் கொண்டது எளிய வகை. சட்டத்தை நீட்டி, மிதிகட்டைகளை உயரத்தில் பொருத்தி, அங்கிருந்து கீழே உள்ள சக்கரத்துக்குச் சங்கிலி இட்டால், அதற்கு 'ஒட்டகச்சிவிங்கி' என்று பெயர். கழுத்து நீண்டமையால் வந்த பெயர் அது. அடுக்குச் சக்கர வண்டியிலோ பெரும்பாலும் சங்கிலி இராது. மிதிகட்டைகள் மேல்சக்கரத்தின் அச்சிலேயே அமைந்திருக்கும். மேல்சக்கரத்தின் டயர் நடுச்சக்கரத்தின் டயரை அழுத்தித் தொடும். நடுச்சக்கரம் அவ்வாறே அடிச்சக்கரத்தைத் தொடும். ஒன்று சுழல, உராய்வின் வலிமையால் அடுத்தது சுழலும்.

வேடிக்கை இங்கேதான் தொடங்குகிறது. ஒன்றையொன்று தொட்டுச் சுழலும் இரு சக்கரங்கள் ஒரே திசையில் சுழல மாட்டா. ஒன்று வலமாகச் சுற்றினால் மற்றொன்று இடமாகச் சுற்றும். ஆதலின் இரண்டு சக்கர அடுக்கில் ஏறி அமர்ந்து முன்னோக்கி மிதித்தால் வண்டி பின்னோக்கிப் போகும். முன்னே செல்ல விரும்புபவர் பின்னோக்கி மிதித்தாக வேண்டும். மூன்றாவது சக்கரம் ஒன்று நடுவே புகுந்துவிட்டால் திசை மீண்டும் நேராகிவிடும். நான்கு எனில் மறுபடியும் தலைகீழ். ஒற்றைப்படையில் இயல்பு, இரட்டைப்படையில் முரண்.

ஊர்வலத்தைக் காண நிற்பவர்க்கு இது தெரியாது. இரண்டடுக்கு வண்டி கடந்து போகும்போது சிறிது கைதட்டுவர்; பின்னால் மூன்றடுக்கு வரும்போது ஆரவாரம் செய்வர். உயர்ந்தது அரியது என்பது கண்ணின் கணக்கு. ஆனால் அவ்விரண்டையும் பழகிய கால்களைக் கேட்டால் வேறு விடை கிடைக்கும். மூன்றடுக்கு, கால்கள் முன்பே அறிந்த மொழியில் பேசுகிறது. இரண்டடுக்கோ, அறிந்த சொற்களையே எடுத்துக்கொண்டு அவற்றுக்கு எதிர்ப்பொருள் தருகிறது.

இதன் கொடுமை விளங்க வேண்டுமானால், ஒற்றைச் சக்கரத்தில் செல்பவர் என்ன செய்கிறார் என்பதை முதலில் அறிய வேண்டும். அவர் ஒவ்வொரு நொடியும் விழுந்துகொண்டே இருக்கிறார். உடம்பு முன்னே சாய்கிறது. உடனே கால் மிதித்துச் சக்கரத்தை முன்னே தள்ளுகிறது. விழுகின்ற உடம்பின் அடியில் சக்கரம் வந்து சேர்ந்துவிடுகிறது. உடம்பு பின்னே சாய்ந்தால் கால் பின்னோக்கி அழுத்துகிறது. மிதிகட்டையும் சக்கரமும் பிணைந்தவை. காலை ஓய வைத்துக்கொண்டு உருண்டு செல்ல இயலாது. தனியே தடை என்று ஒன்று இருப்பதும் அரிது, காலே தடை. நின்ற இடத்தில் நிற்க வேண்டுமானாலும் அரைச்சுற்று முன்னும் அரைச்சுற்று பின்னுமாக ஊசலாடிக்கொண்டே இருக்க வேண்டும். இவையனைத்தும் எண்ணிச் செய்யும் செயல்கள் அல்ல. பல வாரப் பயிற்சிக்குப் பின் முழங்கால் தானாகவே அறிந்துகொள்ளும் செயல்கள்.

அமெரிக்காவின் நடுமேற்குப் பகுதிச் சிற்றூர் ஒன்றில், அப்படி அறிந்துகொண்ட இளைஞன் ஒருவனை எண்ணிப் பார்க்கலாம். எளிய வண்டியை அவன் நன்றாக ஓட்டுவான். கடைத்தெருவுக்கும் அதிலேயே போய் வருவான். அவனை முதன்முறையாக இரண்டடுக்கில், சுவரைப் பிடித்துக்கொண்டு, ஏற்றிவிடுகிறார்கள். பின்னோக்கி மிதிக்க வேண்டும் என்பதை அவன் காதால் கேட்டிருக்கிறான். தாளில் படம் வரைந்தும் கண்டிருக்கிறான். சுவரை விடுகிறான். உடம்பு சற்றே முன்னே சாய்கிறது. அந்தக் கணத்தில் அறிவு பேசுவதற்கு முன்னே முழங்கால் பேசிவிடுகிறது. கால் முன்னோக்கி மிதிக்கிறது. சக்கரம் பின்னே ஓடுகிறது. தாங்க வேண்டிய சக்கரமே காலை வாரிவிட்டது போல, விழுதல் இரட்டிப்பு வேகம் பெறுகிறது. முற்றிலும் கல்லாதவன் அவ்வளவு விரைவாக விழ மாட்டான். அவன் நன்றாகக் கற்றிருந்ததே அவனைத் தள்ளியது.

பிழையாகப் பதிந்துவிட்ட எழுத்தைத் திருத்துவது, புதிதாக எழுதக் கற்பிப்பதைவிடக் கடினம் என்பதை வகுப்பறையில் நின்றவர் அறிவர். இங்கே பதிந்திருப்பது பிழையும் அன்று. சரியாகக் கற்றதை, அதனை அழித்துவிடாமல், சிறிது நேரம் ஒதுக்கி வைக்க வேண்டியிருக்கிறது. ஏனெனில் இரண்டடுக்கை விட்டு இறங்கியவுடன் அவன் தன் பழைய வண்டியில் வீட்டுக்குப் போக வேண்டும். அங்கே பழைய பழக்கமே அவனைக் காக்கும். இரண்டு பழக்கங்களையும் தேர்ந்தவர்கள், வண்டி மாறும்போது கால்களும் மாறிவிடும்படி பழகியிருக்கிறார்கள். இருமொழிச் சூழலில் வளரும் குழந்தை, பாட்டியிடம் ஒரு மொழியும் பள்ளித் தோழனிடம் ஒரு மொழியும் மயங்காமல் பேசுவதை இதனோடு ஒப்பிடலாம்.

கணக்கில் விருப்பம் உள்ள மாணவர்க்கு இவ்வண்டியில் இன்னொரு விந்தையும் உண்டு. அடுக்கில் உள்ள சக்கரங்கள் ஒரே அளவாக இருக்க வேண்டுவதில்லை. மேலே பெரிது, நடுவே மிகச் சிறிது, அடியில் நடுத்தரம் என்று எப்படியும் அமைக்கலாம். மிதிகட்டை ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி எவ்வளவு தூரம் செல்லும்? அடிச்சக்கரத்தின் அளவைப் பொறுத்தது என்றுதான் பலரும் சொல்வர். உண்மையில் அது மேல்சக்கரத்தின் சுற்றளவுக்குச் சமம். டயர்கள் வழுக்காமல் தொட்டுச் சுழலும்போது, ஒரு சக்கரத்தின் விளிம்பு எவ்வளவு நீளம் நகர்கிறதோ அவ்வளவே அடுத்ததன் விளிம்பும் நகரும். நடுவில் உள்ளவற்றின் அளவு கணக்கிலிருந்து உதிர்ந்துவிடுகிறது. மேல்சக்கரம் 20 அங்குலமாயின், ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 1.6 மீட்டர். அடியில் எதை வைத்தாலும் அவ்வளவே.

வழுக்காமல் என்ற ஒரு சொல்லில் உயிரே அடங்கியிருக்கிறது. டயரும் டயரும் தொடும் இடம் ஒரு விரல் அகலம்கூட இராது. அவ்விடத்து உராய்வை நம்பித்தான் மேலே ஒருவர் அமர்ந்திருக்கிறார். காற்றுக் குறைந்தால் பிடிப்புத் தளரும். அச்சுகளை மிக நெருக்கி முடுக்கினால் சக்கரங்கள் இறுகி மிதிப்பது பளுவாகும். சற்றே விலக்கினால் மேலே மிதித்தது கீழே போய்ச் சேராது. தூறல் விழுந்து டயர்கள் நனைந்துவிட்டால், கால் இட்ட கட்டளை வழியிலேயே தொலைந்துபோகும். அனுபவம் உள்ளவர் மேகம் கறுத்தாலே அடுக்குச் சக்கரத்தை வெளியே எடுக்கமாட்டார். தெருவில் சிதறிக் கிடக்கும் மணலும், குதிரைகள் முன்னே சென்ற ஊர்வலமாயின் அவை விட்டுச் சென்றதும், அவருக்குப் பெரும் பகை. மக்கள் வண்டியின் உயரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் கண்கள் சாலையையே பார்த்துக்கொண்டிருப்பதன் காரணம் இதுவே.

ஓட்டுவதைப் பற்றி இவ்வளவு சொல்லியாயிற்று. ஆனால் இக்கலையின் கடினமான பகுதி ஓட்டுவது அன்று, ஏறுவது.

20 அங்குலச் சக்கரங்கள் மூன்றை அடுக்கினால் மேல்டயரின் உச்சி நிலத்திலிருந்து ஒன்றரை மீட்டரில் நிற்கும். இருக்கை அதற்கும் மேலே. மிதிகட்டைகளுள் தாழ நிற்பதே நடுத்தர உயரம் உள்ள ஒருவரின் நெஞ்சுக்குச் சற்றுக் கீழே இருக்கும். பக்கத்தில் பற்றிக்கொள்ள ஒன்றும் இல்லை. வண்டியோ தானாக நிற்காது. முன்னும் பின்னும் மட்டுமன்றிப் பக்கவாட்டிலும் சாயும். இதில் எப்படி ஏறுவது?

சுவரில் சாய்த்து ஏறுவது முதல் வழி. ஏணியை நிறுத்தி, அதன்மேல் நின்று, இருக்கைக்கு மாறுவது மற்றொரு வழி. துணைவர் இருவர் வண்டியைப் பிடித்துக்கொள்ள, சட்டத்தில் உள்ள படிகளில் கால் வைத்து ஏறுவது சர்க்கஸ் கூடாரங்களில் வழக்கமாக உள்ள வழி. இம்மூன்றிலும் ஏறியபின் ஓர் இடைவேளை கிடைக்கும். மூச்சை நிதானப்படுத்திக்கொள்ளலாம், மிதிகட்டைகளைச் சரி பார்க்கலாம், அதன்பின் சுவரை விடலாம்.

துணையின்றி, வெட்டவெளியில், தானே ஏறுவதுதான் பெருஞ்செயல். அதில் இடைவேளை கிடையாது. இளைஞன் வண்டியை முன்னால் நிறுத்திப் பின்னே நிற்கிறான். இரு கைகளாலும் இருக்கையைப் பற்றுகிறான். ஒரு காலை அடிச்சக்கரத்தின் பின்புறத்து டயரில், சட்டத்தை ஒட்டி அழுத்தி வைக்கிறான். அக்கால் வெறும் படி அன்று. அதுவே தடையும் ஆகிறது. சக்கரங்கள் எல்லாம் ஒன்றோடொன்று தொட்டிருப்பதால், ஒன்றை அழுத்திப் பிடித்தால் யாவும் நிற்கும். பிறகு உந்தி எழுந்து, மற்றக் காலைக் கீழ்நிலையில் உள்ள மிதிகட்டைக்குக் கொண்டு செல்ல வேண்டும். உடனே கைகளால் இருக்கையை அழுத்தி உடம்பைத் தூக்கி, முதலில் டயரில் இருந்த காலை விடுவித்து, அதனை மேல் மிதிகட்டைக்குக் கொண்டு சேர்த்து, அதே கணத்தில் அமர வேண்டும். டயரை விட்டுக் கால் எழும் அந்த நொடியிலிருந்து, மேல் மிதிகட்டையில் அது பதியும் நொடி வரை, வண்டிக்கு எசமானர் இல்லை.

மிதிகட்டையின் நிலையும் இங்கே பேசப்பட வேண்டியதாகிறது. எளிய ஒற்றைச் சக்கரத்தில் பின்னே நின்று ஏறுபவர், தமக்கு அருகே உள்ள மிதிகட்டையில் கால் வைத்தால், சக்கரம் அவரை நோக்கிப் பின்னே உருண்டு அவர் அடியிலேயே வந்து நிற்கும். ஏறுவதற்கு அது பேருதவி. இரண்டடுக்கில் அதே மிதிகட்டையில் அவ்வாறே கால் வைத்தால் அடிச்சக்கரம் எதிர்த்திசையில் உருளும். வண்டி அவரை விட்டு முன்னே ஓடிவிடும். வணக்கம் சொல்லக் கை கூப்பும்போது எதிரே நிற்பவர் நழுவிப் போவது போன்ற நிலை. மிதிகட்டை மிகச் சரியாக அடிநிலையில் நின்றால் மட்டும், ஏறுபவரின் எடை சக்கரத்தை எப்பக்கமும் திருப்பாது. ஒரு கை அகலம் முன்னோ பின்னோ விலகியிருந்தால் திருப்பிவிடும். தேர்ந்த கலைஞர் ஏறுமுன் குனிந்து எதையோ பார்ப்பது இதைத்தான். அரங்கில் இருப்பவர், அவர் காலணியின் கயிற்றைச் சரி செய்கிறார் என்று எண்ணிக்கொள்வர்.

இளைஞன் இதற்காக எத்தனை மாலைகளைச் செலவிட்டான் என்பதை எண்ணுவதில் பயனில்லை. பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தின் மரத்தரையில் வண்டி விழும் ஓசை அக்கட்டடத்தின் காவலாளிக்குப் பழகிப்போயிற்று. விழுவதற்கும் முறை உண்டு. வண்டியைக் காப்பாற்ற முயலாமல் அதைப் பின்னே விட்டுவிட்டு, முன்னே குதித்துப் பாதங்களில் இறங்க வேண்டும். பின்பக்கமாக விழுதல் ஆகாது. முதுகும் பின்தலையும் அடிபடும். கை ஊன்றும் ஆசையையும் அடக்க வேண்டும். விழும்போது கையை நீட்டுவது மனித இயல்பு. அவ்வியல்பே மணிக்கட்டை முறிக்கிறது. ஆகவே இக்கலையில் முதற்பாடம் வண்டியின்மேல் அன்று, வண்டியை விட்டுவிடுவதிலேயே தொடங்குகிறது.

உயரத்தைப் பற்றி இங்கே ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். அது பலருக்கு நம்பத்தகாததாகத் தோன்றும். உயரம் கூடக்கூட நிலைபெறுதல் ஒருவகையில் எளிதாகிறது. மாணவர் இதனை வகுப்பிலேயே சோதித்துப் பார்க்கலாம். உள்ளங்கையில் ஒரு பென்சிலை நிமிர்த்தி நிறுத்த முயன்றால் அது உடனே சாயும். நீண்ட துடைப்பக் கட்டையை நிறுத்தினால் நெடுநேரம் நிற்கும். நீளமானது மெதுவாகச் சாய்கிறது. கைக்குத் திருத்திக்கொள்ள நேரம் கிடைக்கிறது. நீளம் நான்கு மடங்கானால் சாயும் கால அளவு இரண்டு மடங்காகும் என்பது இயற்பியல் கணக்கு. ஆகவே உயரமான வண்டியில் அமர்ந்தவருக்குச் சிந்திக்கச் சற்று அவகாசம் உண்டு. ஆனால் அந்த அவகாசத்துக்குள் திருத்த இயலாமற் போனால், விலை பெரிது. ஒரு மீட்டரிலிருந்து விழுபவர் மணிக்கு ஏறத்தாழ 16 கிலோமீட்டர் வேகத்தில் நிலத்தைத் தொடுவார். நான்கு மீட்டரிலிருந்து விழுபவர் 32 கிலோமீட்டர் வேகத்தில். உயரம் மெல்ல எச்சரிக்கிறது, வலிய தண்டிக்கிறது.

உயரத்தின்மீது மனிதனுக்கு உள்ள மயக்கம் மட்டும் குறைவதில்லை. வால்டர் நில்சன் என்பவர் 1934ஆம் ஆண்டில் எட்டரை அடி உயர ஒற்றைச் சக்கர வண்டியில் அமெரிக்காவைக் குறுக்காகக் கடந்தார். 3,306 மைல், 117 நாள். செம் ஏப்ரகாம்ஸ் என்பவர் 2004ஆம் ஆண்டு சனவரியில், மிச்சிகன் மாநிலத்துப் பான்டியாக் நகர அரங்கில், 35 மீட்டர் உயர வண்டியை ஓட்டினார். அவர் சென்ற தூரம் எட்டரை மீட்டர். அந்த வண்டியைத் தரையில் கிடத்தினால், அதன் நீளத்தில் நான்கில் ஒரு பங்கே அவர் நகர்ந்திருக்கிறார். இரண்டும் அருஞ்செயல்களே. எனினும் நாளொன்றுக்கு 28 மைல் வீதம் நான்கு மாதம் மிதித்தவர் பக்கமே மனம் சாய்கிறது. அவர் அத்தனை நாளும், உண்ணவும் உறங்கவும் இறங்கி, மீண்டும் மீண்டும் ஏறியிருக்கிறார் அல்லவா?

சர்க்கஸ் கலைஞர்கள் மக்களின் கண்ணை நன்றாக அறிந்தவர்கள். ஏறுதல் எவ்வளவு அரியது என்று சொல்லி விளக்க முடியாது என்பதும் அவர்களுக்குத் தெரியும். தடையின்றி ஒரே மூச்சில் ஏறிவிட்டால், 'இவ்வளவுதானா' என்று பார்ப்பவர் நினைத்துவிடுவர். ஆகையால் அவர்கள் ஒரு சூழ்ச்சி செய்வார்கள். முதல் முறை ஏறும்போது வேண்டுமென்றே தவறுவார்கள். வண்டி தடுமாறும், கூட்டம் 'ஐயோ' என்னும். இரண்டாம் முறையும் தவறுவார்கள். மேளக்காரர் தாளத்தை நெருக்குவார். மூன்றாம் முறை ஏறிவிடுவார்கள்; கூடாரம் அதிரும். கோமாளி வேடத்தினர் இதனையே நீட்டி முழு ஆட்டமாக்கிவிடுவர். வண்டியின் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கி, இருக்கையைத் தலையில் இடித்துக்கொண்டு, ஏறவே தெரியாதவர் போல அவர் நடிப்பார். அங்குள்ளவர்களுள் மிக நன்றாக ஏறத் தெரிந்தவர் பெரும்பாலும் அவராகத்தான் இருப்பார்.

இதனைப் பொய் என்று கொள்வதா? உண்மையான அருமை கண்ணுக்குப் புலப்படாதபோது, புலப்படும்படி அதற்கு ஒரு வேடம் இட்டுக் காட்டுகிறார்கள் என்று கொள்வதே நேர்மை. நாடகத்தில் அழுபவரை யாரும் பொய்யர் என்று ஏசுவதில்லை. ஆனால் இச்சூழ்ச்சிக்கு ஒரு விலை உண்டு. நடித்துத் தடுமாறுவதைப் பலமுறை கண்டு பழகியவர்கள், உண்மையான தடுமாற்றம் நிகழும்போதும் அதனை ஆட்டத்தின் பகுதியென்றே எண்ணிவிடுகிறார்கள். விழுந்தவர் எழாத பின்னரே கைதட்டல் நிற்கிறது.

2025ஆம் ஆண்டு சூலை முதல் நாள், அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் மகளிர் கூடைப்பந்து இறுதியாட்டம் ஒன்றின் இடைவேளையில் நடந்ததை உலகெங்கும் பலர் திரையில் கண்டனர். ரோங் நியூ என்னும் சீனப் பெண்மணி, 'ரெட் பாண்டா' என்னும் மேடைப்பெயரால் அந்நாட்டு விளையாட்டரங்குகளில் பெரும்புகழ் பெற்றவர். ஏழடிக்கும் குறையாத ஒட்டகச்சிவிங்கி வண்டியில் அமர்ந்து, காலில் கிண்ணங்களை அடுக்கி, அவற்றை உதைத்தெறிந்து தம் தலையில் ஏந்துவது அவரது கலை. ஒரு காலால் வண்டியை நிலைநிறுத்திக்கொண்டு மறு காலால் கிண்ணம் எறிய வேண்டும். பல ஆண்டுகள் அவர் செய்து வந்த ஆட்டம் அது. அன்று ஆட்டம் தொடங்கிய சிறிது நேரத்திலேயே அவர் உயரத்திலிருந்து விழுந்தார். சக்கர நாற்காலியில் அவரை அழைத்துச் சென்றார்கள். இடது மணிக்கட்டு முறிந்திருந்தது.

முன்பு 2018ஆம் ஆண்டில் அவருடைய வண்டி சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்தில் களவு போயிற்று. அவருடைய தந்தையார் செய்து கொடுத்த வண்டி அது. தந்தையின் கைகள் அளந்து பொருத்திய சட்டத்தில் ஏறி மகள் பல்லாண்டு உழைத்திருக்கிறார். கூடைப்பந்துக் குழு ஒன்று அவருக்குப் புதிய வண்டி வாங்கிக் கொடுத்தது. புதிய வண்டி எவ்வளவு நன்றாக அமைந்தாலும், பழைய வண்டியை அறிந்த முழங்காலுக்கு அது ஒரு புதிய மொழிதான். விழுந்ததற்கும் அதற்கும் தொடர்பு கற்பிப்பது முறையன்று. ஒரு கலைஞருக்கும் அவர் ஏறும் பொருளுக்கும் உள்ள உறவு எத்தகையது என்பதற்காகவே அது இங்கே சொல்லப்பட்டது.

மேடையும் கைதட்டலும் இல்லாமலும் இவ்வண்டி வாழ்கிறது. சப்பானில் 1989ஆம் ஆண்டு வெளியான தொடக்கப்பள்ளிப் பாடத்திட்ட நெறிகளில் ஒற்றைச் சக்கர வண்டி இடம்பெற்றது. 1992 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அந்நாட்டுப் பள்ளித்திடல்களில், பந்தும் கயிறும் போல, வண்டிகள் வரிசையாக மாட்டப்பட்டிருப்பதைக் காணலாம். சிறுமியர் இருவர் கைகோத்துக்கொண்டு ஏறி, கைகோத்தபடியே போவர். வியப்புக்குரிய செயலைச் செய்கிறோம் என்ற எண்ணமே அக்குழந்தைகளிடம் இராது. எல்லாரும் செய்வதில் வியப்பு எங்கிருந்து வரும்? ஆனால் அங்கும், இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறும் குழந்தைக்கும், திடலின் நடுவே நின்று தானே ஏறும் குழந்தைக்கும் வேறுபாடு உண்டு. அதனைக் குழந்தைகள் நன்றாக அறிவர். பெரியவர்கள்தாம் அறிவதில்லை.

சிற்றூர் இளைஞனின் கதை எஞ்சியிருக்கிறது. இரண்டடுக்கையும் மூன்றடுக்கையும் அவன் பழகி முடித்தான். ஒரு மாலையில், உடற்பயிற்சிக் கூடத்தின் நடுவே, சுவரும் ஏணியும் துணைவரும் இன்றி மூன்றடுக்கில் ஏறினான். கூடத்தில் வேறு யாரும் இல்லை. காவலாளி விளக்குகளை அணைக்க வந்தவர், உயரத்தில் அமர்ந்து முன்னும் பின்னும் ஊசலாடிக்கொண்டிருந்தவனைக் கண்டு, இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் என்று மட்டும் கேட்டார்.

விடுதலைநாள் வந்தது. ஊர்வலம் புறப்படும் இடம் ஊருக்கு வெளியே இருந்த பள்ளியின் பின்புறம். அங்கே மணல் இருந்தது. தரையும் சரிவாக இருந்தது. நெரிசலில் ஒருவர் மேல் விழுந்துவிடக் கூடாதே என்பதற்காக, குழுவின் மூத்தவர் அவனைத் தானே ஏற வேண்டாம் என்று தடுத்தார். அவன் மறுக்கவில்லை. நின்றிருந்த சரக்கு வண்டியின் பக்கத்தைப் பிடித்து, பலரும் ஏறுவது போலவே ஏறிக்கொண்டான். இருபுறமும் மக்கள் நிறைந்த பெருந்தெருவுக்குள் அவன் நுழைந்தபோது ஆரவாரம் எழுந்தது. எட்டடிக்கு மேல் உயர்ந்து நின்ற அவன் தலையை மக்கள் நிமிர்ந்து பார்த்தனர். அவனோ சாலையைப் பார்த்துக்கொண்டு வந்தான்.

ஓரத்தில், தந்தையின் தோளில் அமர்ந்திருந்த சிறுவன் ஒருவன் மட்டும் அவனுடைய கால்களையும், மிதிகட்டைகளையும், அவற்றுக்கும் நிலத்துக்கும் இடையே இருந்த வெறுமையையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு தந்தையின் தலைமயிரைப் பற்றி இழுத்து, "அப்பா, இவர் எப்படி ஏறினார்?" என்று கேட்டான். தந்தையின் கண்கள் அடுத்து வந்துகொண்டிருந்த இசைக்குழுவின்மீது சென்றிருந்தன. கேள்வி அவர் காதில் விழவில்லை. மேலே சென்றுகொண்டிருந்தவனின் காதில் விழுந்தது. திரும்பிப் பார்த்தால் நிலை தவறும் என்பதால் அவன் திரும்பவில்லை.